கோரைக்குக் 'கவலை குறைவு' என்ற முத்திரை போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏரியைத் தூர்வாருகிறோம், அழகுபடுத்துகிறோம் என்று பொக்லைனை இறக்கி, கரையோரக் கோரையைக் கிழங்கும் மண்ணுமாக வழித்தெடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அது எங்கே பார்த்தாலும் முளைக்கிற செடிதானே, உலகச் சிவப்புப் பட்டியலிலேயே கவலை இல்லை என்றுதானே போட்டிருக்கிறது" என்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள்கூட இதைச் சொல்வதால்தான் எழுதுகிறேன்.

பட்டியலில் இருப்பது உண்மைதான், பரவலாக வளரும் கோரை வகைகள் பல அதில் 'கவலை குறைவு' என்ற வகையில்தான் வருகின்றன. ஆனால் ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் இந்தப் பட்டியல் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: இந்த இனம் உலகத்தை விட்டே அழிந்துபோகும் அபாயம் எவ்வளவு? பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை குறைந்தது 30 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பரவியிருக்கும் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கி இன்னும் தேய்ந்துகொண்டிருக்க வேண்டும், இப்படி ஏதாவது ஓர் அளவுகோலுக்குள் வந்தால்தான் அழியும் அபாயமுள்ள இனம் என்று சேர்ப்பார்கள். பல நாடுகளில் பரவிக் கிடக்கும் ஒரு கோரை நம் மாவட்டத்து ஏரி அத்தனையிலும் இல்லாமல் போனாலும் இந்தக் கோடுகளின் பக்கத்தில்கூட வராது. அது பட்டியலின் குறையும் இல்லை, ஓர் ஊரில் அற்றுப்போகுமா என்ற கேள்விக்காக அதை உருவாக்கவே இல்லை.

இதற்கு, பழைய எகிப்தியர்கள் எழுதும் தாள் செய்த பாப்பிரஸ் கோரையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் பாய்க்கோரையும் அதுவும் ஒரே சைப்பரஸ் பேரினம். ஆப்பிரிக்கச் சதுப்புகளில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ந்து நிற்கிறது, பட்டியலில் அதற்கும் 'கவலை குறைவு'தான். ஆனால் நைல் கரையில் பல ஆயிரம் ஆண்டுகள் தாளுக்காக அறுத்தார்களே, அந்த எகிப்தில் என்ன ஆனது? பழைய சேரத் துறைமுகமான முசிறியிலிருந்து கப்பலில் ஏற்றிய சரக்குக்கு கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கடன் ஒப்பந்தம், இன்று வியன்னாவில் இருக்கிறது, அதுகூட இந்தக் கோரையிலிருந்து செய்த தாளில்தான் எழுதப்பட்டது. அப்படிப்பட்ட செடி, வேறு காகிதம் வந்து தேவை போனதும் பயிரிடுவார் இல்லாமல், சதுப்புகளும் வயலாக மாறி, எகிப்தில் அற்றேபோனது என்று அறிஞர்கள் முடிவுகட்டும் நிலைக்கு வந்தது. 1960களில் ஹசன் ரகாப் என்பவர் பாப்பிரஸ் தாள் தொழிலை மறுபடி தொடங்க, சூடானிலிருந்து செடி கொண்டுவர வேண்டியிருந்தது. 1968இல் எகிப்தின் வாதி நட்ரூன் பகுதியில் ஒரு சின்னக் கூட்டம் தப்பிப் பிழைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உலக அளவில் ஆபத்தே இல்லாத செடி, சொந்த ஊரில் இந்தக் கதிக்கு வந்தது.

அப்புறம், செடிக்கு ஆபத்தில்லை என்றால் அதை நம்பி வாழ்வதற்கும் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள பாப்பிரஸ் புதர்களை நம்பியே வாழும் கோனோலெக் என்ற பறவை, அதே பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்ற வகையில் இருக்கிறது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் கழிவுநீர் அந்த ஏரியில் கலக்கும் முன் அதை ஓரளவு வடிகட்டுவது நகிவுபோ சதுப்பும் அதன் பாப்பிரஸும்தான். அங்கே இருக்கும் கோரையை அழித்துவிட்டு, வேறு நாட்டில் நிறைய இருக்கிறது என்று சொன்னால் கம்பாலாவின் தண்ணீர் சுத்தமாகுமா?

நம் ஏரியிலும் அதே கதைதான். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கூடு கட்டுவது கரையோரக் கோரைக்குள்தான், விரால் குஞ்சுகள் ஒளிவதும் அந்த இடுக்குகளில்தான், அலை கரையை அரிக்காமல் பிடித்து நிற்பதும் அதன் வேர்தான். வயலில் கோரையைக் களை என்று பிடுங்கும் விவசாயியை நான் குறை சொல்லவே மாட்டேன், மதகை அடைத்தால் அங்கேயும் எடுக்கத்தான் வேண்டும். அறுப்பதும் கெடுதல் இல்லை. பத்தமடையில் பாய் நெய்ய தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்தார்கள், தண்டு போனாலும் கிழங்கு தண்ணீருக்கடியில் இருந்தால் மறுபடி துளிர்க்கும். கிழங்கையே தோண்டியெடுத்துக் கரையில் கல் பதித்துவிட்டால் எங்கிருந்து துளிர்க்கும்?

நாடு அளவிலும் மாநில அளவிலும் தனியாக மதிப்பிடுவதற்கு ஐ.யு.சி.என். தானே வழிமுறை கொடுத்திருக்கிறது, அதில் 'இந்த வட்டாரத்தில் அற்றுப்போனது' என்று ஒரு வகையே உண்டு. மாநில ஈரநில ஆணையம் அந்த முறையில் நம் கோரை வகைகளை ஏரி ஏரியாகப் பதிவு செய்யத் தொடங்கட்டும், பறவையை எண்ணும் அக்கறையில் பாதி போதும். அதுவரை நீர்வளத் துறை தூர்வாரும் வேலைக்கு மதிப்பீடு போடும்போதே, மதகையும் வாய்க்காலையும் விட்டு, கரையோரத்தில் எந்தப் பகுதிக் கோரையைத் தொடக்கூடாது என்று வரைபடத்தில் குறித்து ஒப்பந்ததாரரிடம் கொடுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அந்த வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால் ஊர்க்காரர்களே காவல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி