அதிபர் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027-ல் பிரான்ஸ் அதிபர் தேர்தல். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் இப்போதே இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் வருவது ஒரே மாதிரியான செய்திதான்: வரிசையில் நிற்கும் முதியவர்களின் படம், எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள், யார் முந்துகிறார். மறுநாள் வென்றவரின் சிரித்த முகம். அந்த வேட்பாளர் இதற்கு முன் எந்தப் பதவியில் இருந்தார், அங்கே என்ன செய்தார் என்று ஒரு பத்திகூட வருவதில்லை.

இது எங்கோ நடக்கிற தேர்தல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் கணவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட் என்பது இங்கே சாதாரணம். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், மனைவியை அழைத்துப்போக விசா, பிள்ளைகளின் குடியுரிமை எல்லாம் பாரிஸில் எடுக்கப்படும் முடிவுகள். 2022 அதிபர் தேர்தலில் தீவிர வலதுசாரி வேட்பாளர் மரீன் லெ பென், வேலையிலும் வீட்டுவசதியிலும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே முன்னுரிமை என்றும், குடியேற்றம் பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துவேன் என்றும் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். முதல் சுற்றில் முந்தும் இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில் அவருக்கு 41.5 சதவீதம் கிடைத்தது. அந்த வாக்குறுதி இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கும் நம் வீட்டு மருமகளை எப்படிப் பாதிக்கும் என்று தமிழில் யாராவது எழுதினார்களா? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தத் தேர்தலின் முதல் சுற்று ஏப்ரல் 10-ல் நடந்தது. எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு. மேசை மேல் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் உறையையும் சில சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை மட்டும் உறையில் வைத்துக் கொண்டுவந்து கண்ணாடிபோலத் தெரியும் பெட்டியில் போட வேண்டும். அப்போது அலுவலர் “ஆ வோத்தே” (ஓட்டுப் போட்டாயிற்று) என்று உரக்கச் சொல்வார். எனக்கு முன்னால் நின்ற பாட்டியம்மா ஒருவர் அந்த மேசையைப் பார்த்துவிட்டு, “எதுக்குத் தம்பி இத்தனை சீட்டு? ரெண்டு பேருதானே நிக்கிறாங்க?” என்று கேட்டார். நின்றது 12 பேர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிவியும் பேப்பரும் அவருக்குக் காட்டியது இரண்டு பேரைத்தான்.

இந்தப் பழக்கத்தின் விலையை 2002-லேயே பிரான்ஸ் கொடுத்தது. அதிபராக இருந்த சிராக்கும் பிரதமராக இருந்த இடதுசாரி ஜோஸ்பனும்தான் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள் என்று கருத்துக்கணிப்புகளை வைத்துக்கொண்டு ஊடகங்கள் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டன. முதல் சுற்று சும்மா ஒரு சடங்கு என்று நினைத்த இடதுசாரி வாக்காளர்கள் 16 வேட்பாளர்களுக்கிடையே சிதறினார்கள். ஜோஸ்பனுக்கு 16.18 சதவீதம், மரீனின் தந்தை ழான் மரீ லெ பென்னுக்கு 16.86. பிரதமர் முதல் சுற்றோடு வெளியேறினார். யார் முந்துகிறார் என்ற செய்தியே ஆட்டத்தை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

சரி, வேறு எதைப் பார்ப்பது? அதிகாரம் கையில் இருந்தபோது அந்த ஆள் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான். மறுபடியும் அதிபராகப் போட்டியிட்ட மக்ரோன் 2022-ல் ஓய்வு வயதை 65 ஆக்குவேன் என்று பிரசாரத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். ஜூன் மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 577 இடங்களில் பெரும்பான்மைக்கு 289 வேண்டும், அவர் அணிக்கு 250-கூடக் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் ஓய்வு வயதை 64 ஆக்கும் சட்டத்தை அவருடைய அரசு அரசியல் சாசனத்தின் 49-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவைக் கொண்டு கீழவையில் இறுதி ஓட்டெடுப்பு இல்லாமலே நிறைவேற்றியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு தப்பியது வெறும் 9 ஓட்டில். நாடே தெருவுக்கு வந்தது. எல்லோரும் அதிர்ச்சி அடைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் 2015-ல் அவர் பொருளாதார அமைச்சராக இருந்தபோது, அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட சட்டமும் இதே உட்பிரிவு வழியாகத்தான் நிறைவேறியது! பெரும்பான்மை இல்லாதபோது இவர் இருக்கும் அரசு எந்தக் கதவைத் திறக்கும் என்பது 2022 தேர்தலுக்கு ஏழு வருஷத்துக்கு முன்பே பதிவாகியிருந்தது. அதை வாக்காளருக்கு நினைவுபடுத்த வேண்டியது பத்திரிகையின் வேலை இல்லையா?

மரீன் லெ பென்னிடமும் இதே கண்டிப்பு வேண்டும். 2017-ல் யூரோவை விட்டு வெளியேறுவோம் என்றவர் 2022-ல் அதைக் கைவிட்டார். ஏன் கைவிட்டார், உண்மையிலேயே மனம் மாறியதா என்று விடாமல் கேட்டிருக்க வேண்டும். விவாத மேடையில் யார் சாமர்த்தியமாகப் பதில் சொன்னார் என்பது எனக்கு முக்கியமே இல்லை.

நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: நாடாளுமன்றம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்? பிரெஞ்சு அதிபரால் பிரதமரை நியமிக்க முடியும், கீழவையைக் கலைக்க முடியும், நெருக்கடி காலத்தில் 16-ஆவது பிரிவின்படி அசாதாரண அதிகாரங்களை எடுத்துக்கொள்ளவும் முடியும். இந்தக் கேள்வியின் கனம் புதுச்சேரி வாசகர்களுக்குப் புரியும். 2019 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் நாராயணசாமியே துணைநிலை ஆளுநருக்கு எதிராக, அவருடைய மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது ரேஷன் அரிசி வரை வந்து நிற்கும் விஷயம் என்று நமக்குத் தெரியும்.

அப்புறம் இன்னொன்று. அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் கோயில் பூஜைக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது, அவர் கலிபோர்னியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது தலைமைச் சட்ட அதிகாரியாக, என்ன செய்தார் என்பதற்குக் கிடைத்திருக்கலாம். பூர்வீகத்தில் பெருமைப்படுவது தப்பில்லை. ஆனால் பூர்வீகம் ஒருவரின் ஆட்சியைப் பற்றி எதையும் சொல்லாது.

முதல் சுற்றுக்கு முன் வேட்பாளர் பட்டியலை பிரான்ஸின் அரசியல் சாசனக் கவுன்சில் வெளியிடும். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு வேட்பாளர் என்று கால் பக்கம் ஒதுக்குங்கள். வகித்த பதவிகள், போட்ட கையெழுத்துகள், மாற்றிக்கொண்ட நிலைப்பாடுகள், நம் ஊர்க் குடும்பங்களைத் தொடும் வாக்குறுதிகள், இவை போதும். சின்னக் கட்சி வேட்பாளருக்கும் அதே கால் பக்கம். பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம். ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நானும் என் நண்பர்களும் சம்பளம் வாங்காமல் செய்துதரத் தயார். தகவல் சொன்னால் அலுவலகத்துக்கே வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி