நீதிமன்றப் படியேறாத சட்டப் பட்டதாரிகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சட்டப் படிப்பை முடித்து, இரண்டரை ஆண்டுகள் ஒரு மூத்த வழக்குரைஞரிடம் ஜூனியராக இருந்துவிட்டு, கடந்த 14 ஆண்டுகளாக நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் பணியில் இருக்கிறேன். சான்றிதழ் ஒன்றை வாங்கப் படித்த கல்லூரிக்குப் போயிருந்தபோது, நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர், "எந்தக் கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணுகிறாய்?" என்று ஆவலோடு கேட்டார். நான் செய்யும் வேலையைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "நன்றாக வாதாடுவாயே, படிப்பை வீணாக்கிவிட்டாயே" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனாலும் பல ஆண்டுகள் அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அண்மையில் என்னிடம் யோசனை கேட்டு வந்த இளைஞர் ஒருவர், நீதிமன்றத்துக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதங்கள் ஆகியும் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். அவருக்குச் சட்டத்தின் மீது வெறுப்பு இல்லை; நின்று வாதாடுவதுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. அவர் எழுதிக் காட்டிய குறிப்புகளில் மிகையான சொல் ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்ட வரைவுக்கென்றே, அதாவது ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் எழுதுவதற்கென்றே, அமைந்த கை அது. அப்படியொரு தொழில் இருப்பதைப் படித்த காலம் முழுவதிலும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் இந்த மடலை எழுதத் தூண்டியது.

இதற்கு எந்த ஒரு ஆசிரியரையும் நான் குறை சொல்ல வரவில்லை. காரணம் பாடம் நடத்தும் முறைக்குள்ளேயே இருப்பதாக நினைக்கிறேன். 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டோபர் லாங்டெல், மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை மாணவர்களைப் படிக்கவைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுச் சட்டத்தைக் கற்பிக்கும் முறைக்கு வழிவகுத்தார். அருமையான முறைதான்; கூர்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு அதனால்தான் வந்தது. ஆனால் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெறுவது எது? முறிந்துபோன ஒப்பந்தமும், பொருள் குழம்பிய சட்டப் பிரிவும், சண்டையில் முடிந்த கூட்டுத் தொழிலும்தான். ஒழுங்காக எழுதப்பட்டு, இரு தரப்பும் கடைசிவரை மதித்து நடந்த ஒப்பந்தத்தைப் பற்றி எந்த நீதிபதியும் எழுத வேண்டிய தேவை வருவதில்லை. பிணக்கூறாய்வு அறிக்கைகளை மட்டுமே படித்து மருத்துவம் கற்பதைப் போல, சட்டம் உடைந்த இடங்களை மட்டுமே பார்த்து நம் மாணவர்கள் சட்டம் கற்கிறார்கள். உடையாமல் காக்கும் வேலை அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். "அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள்" என்று ஓர் ஒப்பந்தத்தில் இருந்தது. படித்தால் எந்தப் பிழையும் தெரியாது. கொடுத்த நாள் என்பது அனுப்பிய நாளா, கைக்குக் கிடைத்த நாளா? மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்து, திங்கட்கிழமை காலையில்தான் திறக்கப்பட்டால் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? விடுமுறை நாட்கள் அந்த 30இல் சேருமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையாக இரண்டு வாக்கியங்கள் சேர்த்தேன். அந்த ஒப்பந்தம் தன் காலம் முடியும்வரை எந்தத் தகராறும் இல்லாமல் ஓடியது. என் வாக்கியங்கள்தான் காரணமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது; இத்தொழிலில் கிடைக்கும் வெற்றி அப்படிப்பட்டதுதான். ஆனால் அந்த மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்லிக்கொடுத்தது சட்டக் கல்லூரி. பின் எப்படி அது வீணான படிப்பாகும்?

சட்ட வரைவு புதிய துறையும் அல்ல. லாங்டெல் பொறுப்பேற்பதற்கு ஓராண்டு முன்பே, 1869இல், பிரித்தானிய அரசு மசோதாக்களை எழுதுவதற்கென்று தனி அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தி, ஹென்றி த்ரிங் என்ற சட்ட அறிஞரை அதன் பொறுப்பில் அமர்த்தியது. எழுத்தாளர் காஃப்காவை நாம் அறிவோம். 1906இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மரம் இழைக்கும் இயந்திரங்களில் சதுர வடிவத் தண்டுக்குப் பதிலாக உருளை வடிவத் தண்டைப் பொருத்தினால் தொழிலாளர்களின் விரல்கள் தப்பும் என்று, படங்களோடு அவர் எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. அதை எழுத நீதிமன்றம் தேவைப்படவில்லை. சட்டம் படித்த மூளை தேவைப்பட்டது.

இன்றைக்கு வழிகள் இன்னும் கூடியிருக்கின்றன. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளும் குறிப்பிட்ட சில வகை நிறுவனங்களும் தரவுப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. தரவுச் சட்டத்தில் தேர்ச்சி அதற்கான தகுதிகளுள் ஒன்று. வங்கிகளில் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் பணி, காப்புரிமை ஆய்வு, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பணி, சட்ட மொழிபெயர்ப்பு ஆகியவையும் உண்டு. இவற்றுள் மொழிபெயர்ப்புக்கு ஆள் கிடைப்பது மிக அரிது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்; மொழி தெரிந்தவருக்குச் சட்டம் தெரிவதில்லை, சட்டம் தெரிந்தவருக்கு மொழியில் பொறுமை இருப்பதில்லை. சமரசப் பேச்சுவார்த்தை நடத்துபவர்களுக்கான தேவையும் பெருகுகிறது. 2019 ஆகஸ்ட் 7 அன்று, சமரச உடன்பாடுகளை நாடு கடந்து செல்லுபடியாக்கும் சிங்கப்பூர் உடன்படிக்கையில் ஒரே நாளில் 46 நாடுகள் கையெழுத்திட்டன. ஆனால் வெல்வதற்கே பழக்கப்பட்ட மாணவர், இரு தரப்பையும் கேட்டுக்கொண்டு வாய்மூடி உட்காரப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

இவை எளிய வழிகள் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கியலோ கணினியோ இன்னொரு மொழியோ கூடுதலாகக் கற்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் இங்கும் கடினமானவையே. வாதாட விரும்புபவர்களைத் திருப்பிவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. நல்ல வழக்குரைஞர் இல்லாத இடத்தில் எளியவர்க்கு நீதி இல்லை என்பதை ஜூனியராக இருந்தபோது நேரில் பார்த்தவன் நான்.

நான் கேட்பது இவைதான். ஒப்பந்தச் சட்டம் நடத்தும் முதல் பருவத்திலேயே, முழு ஒப்பந்தம் ஒன்றை மாணவர் கையில் கொடுத்து அடிமுதல் நுனிவரை வாசிக்கச் செய்யுங்கள். தேர்வில் ஒரு கேள்வியாவது, ஒரு விதியையோ ஷரத்தையோ புதிதாக எழுதச் சொல்வதாக இருக்கட்டும். மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தரும் மேடையையும் கோப்பையையும் வரைவுப் போட்டிக்கும் தாருங்கள். முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு நீதிபதிகளையும் மூத்த வழக்குரைஞர்களையும் அழைக்கும்போது, எங்களையும் அதே வரிசையில் அமர்த்துங்கள். பழைய மாணவர் ஒருவர் எதிரே வந்தால், எந்தக் கோர்ட் என்று கேட்பதற்கு முன், என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள்.

அழைத்தால் எந்தக் கல்லூரிக்கும் வரத் தயாராக இருக்கிறேன். அந்த 30 நாள் ஷரத்தையும் எடுத்துவருகிறேன்; அதில் இன்னும் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று உங்கள் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒப்பந்தம் எழுதும் ஒரு சட்டப் பட்டதாரி