பயிற்சி மைய இயக்குநர்களுக்கு: எங்களைக் கொஞ்சம் பாடம் நடத்த விட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் பெருமக்களுக்கு,

வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மையங்களை நடத்துகிறவர்கள் நீங்கள். 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி இந்த மையங்கள் பிறந்தபோது அவற்றுக்கு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று பெயர். அப்புறம் மனிதவள மேம்பாட்டு மையம். 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம். பெயர்ப்பலகை மாறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் துறையில் அண்மையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மையம், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. ஏனென்றால் இது ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் சக ஆசிரியை ஒருவர் பதவி உயர்வில் சம்பள லெவல் 11-லிருந்து 12-க்குப் போக வேண்டியவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி அதற்குக் காட்டக்கூடியவற்றுள் இரண்டு வார ரெஃப்ரெஷரும், அதாவது புத்தொளிப் பயிற்சியும், ஒன்று. அவருக்கு இடம் கிடைத்தது செமஸ்டரின் நட்டநடுவில், ஆன்லைனில். கல்லூரியில் ஓ.டி. கேட்டார், அதாவது பயிற்சியில் இருக்கும் நாட்களைப் பணி நாட்களாகவே கணக்கிடும் அனுமதி. "வீட்டிலிருந்தே பார்க்கிற கோர்ஸ்தானே மேடம், எதுக்கு ஓ.டி.?" என்று பதில் வந்தது. சரி என்று அவரும் இரண்டையும் சேர்த்தே செய்தார். மேசை மேல் செல்போன், ஒரு காதில் இயர்போன், கையில் சாக்பீஸ், எதிரில் முதலாமாண்டு பி.காம்.

வருகைப் பதிவுக்கான கூகுள் ஃபார்ம் எப்போது வரும் என்று உங்கள் ஆட்கள் சொல்வதில்லை. சொன்னால் அந்த நேரத்துக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவோமாம். சாட்டில் திடீரென்று லிங்க் விழும், ஐந்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும். முதல் நாளே ஒன்றைத் தவறவிட்டு அவருக்கு ஆப்சென்ட் விழுந்தது. இன்னும் இரண்டு விழுந்தால் சான்றிதழ் கிடையாது என்று குழுவில் எச்சரிக்கையும் வந்தது. அதன் பிறகு அவர் கண் போனை விட்டு அகலவில்லை.

ஒரு நாள் வகுப்பில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் நடத்திக்கொண்டிருந்தார். ரொக்க ஏட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சரிசெய்கிற பாடம். வணிகவியல் தெரியாத இயக்குநர்களுக்காக ஒரு வார்த்தை: முதலாமாண்டுப் பிள்ளைகள் முட்டி மோதி நிற்கிற முதல் இடம் அது. கடைக்காரர் வங்கியில் போட்ட பணம் அவருடைய ரொக்க ஏட்டில் பற்றுப் பக்கம் இருக்கும். அதே பணம் பாஸ்புக்கில் வரவுப் பக்கம் இருக்கும். ஒரே பணம் எப்படி இரண்டு பக்கம் போகும்? அவர் பார்வையில் வங்கி அவருக்குக் கடனாளி, வங்கியின் பார்வையில் அவர் கடன் கொடுத்தவர் என்பது பிடிபட்டுவிட்டால் போதும். பிடிபடாதவர்கள் எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிட்டு, இருப்புக்கு மேல் பணம் எடுத்த மேல்வரைப்பற்றுக் கணக்கு வந்ததும் கவிழ்ந்துவிடுவார்கள். எங்கள் ஆசிரியை அதற்காகவே தன் வீட்டுப் பாஸ்புக்கை எடுத்து வந்து, பக்கங்களை நகலெடுத்து, வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். பிள்ளைகளின் முகத்தில் ஏதோ தெளியத் தொடங்கிய நேரத்தில் லிங்க் விழுந்தது.

சாக்பீஸை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். பெயர், பதவி, கல்லூரி, மாவட்டம், மின்னஞ்சல், செல் எண், அமர்வின் தலைப்பு, கருத்தாளர் பெயர், இந்த அமர்வில் கற்றுக்கொண்டது என்ன என்று நான்கு வரி. எல்லாவற்றையும் தட்டி முடித்து நிமிர்ந்தபோது முன்பெஞ்சுப் பையன் ஒருவன், "பரவால்ல மேடம், முடிச்சுட்டு வாங்க, வெயிட் பண்றோம்" என்றானாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னான் என்றார் அவர்.

அன்றைய அமர்வின் தலைப்பு: மாணவரை மையப்படுத்திய கற்பித்தல்.

ஐயா, அம்மா, கற்பித்தலை மேம்படுத்தும் பயிற்சி ஒன்று, நடந்துகொண்டிருந்த நல்ல கற்பித்தலை நடுவில் நிறுத்தியது. இதற்கு மேல் இதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் பயிற்சியில் எங்களைப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். எங்கள் பாடம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்கட்டும். எங்கே தடுக்கியது, எங்கே வேகமாகப் போய்விட்டோம், எந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லட்டும். ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. பி.எட். படிக்கிற பிள்ளைகள் நுண்ணிலைக் கற்பித்தல் என்று இதைத்தான் செய்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு பட்டயப் படிப்பு, அதன் பிறகு தகுதித் தேர்வு. பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆவதற்கும் இரண்டு ஆண்டு பி.எட். வேண்டும். ஆனால் கல்லூரி ஆசிரியருக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, இல்லையென்றால் பி.எச்டி. இவற்றில் எதற்கும் வகுப்பில் பாடம் நடத்திக் காட்ட வேண்டியதில்லை. முதல் நாள் டைம்டேபிளைக் கையில் கொடுத்து, "மூணாவது பீரியட் உங்களுக்கு சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் எங்கள் ஆசிரியர்கள் நடத்தியதைப் பார்த்து நடத்துகிறோம். அவர்கள் நோட்ஸ் கொடுத்திருந்தால் நாங்களும் நோட்ஸ் கொடுக்கிறோம். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் உங்கள் மையங்களைத் தொடங்கினார்கள். நீங்கள் இல்லையென்றால் எங்களுக்கு வேறு நாதி இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கான 21 நாள் ஓரியண்டேஷனுக்கு நான் வந்த காலத்தில் எல்லாம் நேரில்தான். விடுதியில் தங்கினோம். பகல் நேரத்து உரைகளில் பாதிக்கு மேல் இப்போது நினைவில் இல்லை. நினைவில் நிற்பது ஒரு பிற்பகல். ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். நான் தேய்மானம் நடத்தினேன், சொத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு குறைவதைக் கணக்கிடும் பாடம். முடித்ததும் வேறொரு மாவட்டத்திலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியை, "சூத்திரத்தை முதல்ல எழுதிட்டீங்க தம்பி, அதுக்கப்புறம் யாரு யோசிப்பா?" என்று கேட்டார். இன்றுவரை நான் சூத்திரத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன். அந்தப் பிற்பகல்கூட அட்டவணையில் இருந்ததில்லை. வர வேண்டிய கருத்தாளர் வராததால் கிடைத்தது.

கொரோனாவில் எல்லாம் திரைக்குப் போனது. அப்போது வேறு வழி இல்லை, குறை சொல்ல முடியாது. ஆனால் கொரோனா போன பிறகும் நிறையப் பயிற்சிகள் திரையை விட்டு இறங்க மறுக்கின்றன. செலவு குறைவு, விடுதி வேண்டாம், எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எனக்குப் புரிகிறது. திரையிலேயேகூட ஒழுங்காகச் செய்யலாம். 2018-இல் ஸ்வயம் என்ற அரசு இணையவழிக் கல்வித் தளத்தில் அர்பிட் என்று ஆசிரியர்களுக்கான ரெஃப்ரெஷரைத் தொடங்கினார்கள். 40 மணி நேரப் பாடம், நமக்கு வசதியான நேரத்தில் பார்க்கலாம், கடைசியில் மேற்பார்வையோடு ஒரு தேர்வு. அதிலும் குறை உண்டு, ஆனால் யாரும் வகுப்பு நடுவில் லிங்க் அனுப்பித் துரத்தவில்லை. இப்போது நடப்பதைப் பாருங்கள். நூறு, நூற்றைம்பது பேரை ஓர் ஆன்லைன் அறையில் சேர்த்து, எல்லோருடைய மைக்கையும் அணைத்து வைத்து, 'பங்கேற்புக் கற்றல்' பற்றி இரண்டு மணி நேரம் உரை. கேள்வி இருந்தால் சாட்டில் போடச் சொல்கிறார்கள். சாட்டில் இருப்பதெல்லாம் குட்மார்னிங் சார், தேங்க்யூ சார், ஃபார்ம் ஓப்பன் ஆகல சார். கடைசி நாள் கொள்குறி வினாத் தேர்வு. விடைகள் எந்த வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகின்றன என்று உங்களுக்கும் தெரியும்.

பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால்தான் சான்றிதழ் இறங்கும். அதனால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'மிகச் சிறப்பு' போடுகிறோம். அரங்க வசதி எப்படி என்றுகூட அதில் ஒரு கேள்வி இருக்கிறது, ஆன்லைன் பயிற்சிக்கு. இந்தப் பயிற்சிக்குப் பிறகு உங்கள் வகுப்பில் எதை மாற்றினீர்கள் என்று ஆறு மாதம் கழித்து யாரும் கேட்டதில்லை.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போடுவது நியாயமில்லைதான். கல்லூரிகளுக்கு வேண்டியது எங்கள் பயிற்சி அல்ல, அதன் எண்ணிக்கை. கல்லூரிகளுக்குத் தரமதிப்பு தரும் நாக் மதிப்பீட்டில் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும். சான்றிதழ் கல்லூரிக்கு வேண்டும், ஓ.டி. தர மட்டும் மனம் வராது. வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது சோதிக்கும் அறிவு நிலையைக் குறிக்க கே1, கே2 என்று எழுதுகிறோம். ஒரு பாடத்தால் கிடைக்க வேண்டிய கோர்ஸ் அவுட்கமையும், முழுப் படிப்பால் கிடைக்க வேண்டிய புரோகிராம் அவுட்கமையும் கட்டம் போட்டு இணைக்கிறோம். மரம் நட்டால் இடம் பதிந்த ஜியோடேக் போட்டோ, கைகழுவும் நாள் கொண்டாடினால் ஜியோடேக் போட்டோ. எங்கள் வகுப்பில் பாடம் நடந்ததற்குத்தான் இன்னும் யாரும் போட்டோ கேட்கவில்லை. கேட்டுவிடாதீர்கள், அதையும் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

அடுத்து, உங்கள் வாசலுக்கே வராதவர்களைப் பற்றி. எங்களைப் போன்ற உதவிபெறும் கல்லூரிகளில் இரண்டாம் ஷிஃப்ட் முழுக்கச் சுயநிதிப் பிரிவு. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள். நிறைய ஊர்களில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது இவர்கள்தான். இவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. பதவி உயர்வு இல்லாததால் ரெஃப்ரெஷர் தேவையில்லை, தேவையில்லாததால் யாரும் அனுப்புவதும் இல்லை. ஆக, பயிற்சி என்பது சம்பள லெவலுக்கா, வகுப்புக்கா? மானியக் குழு 2019-இல் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 வரை தரலாம் என்று வழிகாட்டியது. அந்தப் பணம் எத்தனை பேர் கைக்கு வந்தது என்று கேட்டால் நான் வேறு மடல் எழுத வேண்டியிருக்கும். அதை இங்கே விடுகிறேன். பணம் உங்கள் கையில் இல்லை. பயிற்சி உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் பணிவோடு திரும்பவும் அதையே கேட்கிறேன். எங்களைப் பாடம் நடத்த விடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரப் பயிற்சியில் மூன்று நாட்களை அதற்கு ஒதுக்கினால் போதும். வணிகவியல் ஆசிரியரை வணிகவியல் ஆசிரியர்களோடும், வேதியியலை வேதியியலோடும் உட்கார வையுங்கள். பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு வருகிறவனும், கணக்குப்பதிவியல் படித்துவிட்டு வருகிறவனும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் கொட்டாவி, இன்னொருவனுக்கு நடுக்கம். இந்த வகுப்பை எப்படி நடத்துவது என்பதற்கு டெல்லியிலிருந்து ஸ்லைடு வராது. எங்களில் யாரோ ஒருவர் தன் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார், அவரை எங்களுக்குக் காட்டுங்கள். பாஸ்புக்கை நகலெடுத்து வந்த எங்கள் ஆசிரியை, மற்றவர்களுக்கு அதை நடத்திக் காட்ட வேண்டியவர். அவரை நீங்கள் இரண்டு வாரம் மைக்கை அணைத்து உட்கார வைத்திருந்தீர்கள்.

நேரில் நடத்த முடிந்தால் விடுமுறையில் நடத்துங்கள், மே மாதத்தில் கூப்பிட்டாலும் வருகிறோம். திரையில்தான் என்றால் வகுப்பு நேரம் முடிந்த பிறகு வையுங்கள். செமஸ்டர் நடுவில்தான் முடியும் என்றால், ஓ.டி. தர வேண்டும் என்று முதல்வர்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். நாங்கள் கேட்டால் கிடைக்காதது உங்கள் லெட்டர்ஹெட்டுக்குக் கிடைக்கும். ஒவ்வோர் அணியிலும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சுயநிதிப் பிரிவினருக்கும் பத்து இடமாவது வையுங்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான பயிற்சி அட்டவணையை நீங்கள் தயாரிக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் அணியிலேயே பாடம் நடத்திக் காட்ட நான் தயார். தேய்மானமோ, வங்கிச் சரிகட்டும் பட்டியலோ, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வணிகவியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்,
தென்மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து