பூனைக்குட்டி வாங்கியிருக்கும் மகளுக்கு

திருமங்கலம்

அன்பு மகள் கயலுக்கு,

குட்டியின் போட்டோ வந்தது. இரண்டு மாதமாகிவிட்டதால் தாயைப் பிரிந்து இருக்கும், கவலை இல்லை. பாலும் சோறும் வைக்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், கேட்காதே. தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பசும்பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்காமல் பேதியாகும். அந்தச் சின்ன உடம்பில் ஒரே நாளில் நீர் வற்றிப்போகும். பூனை கறி தின்று வாழ்கிற பிராணி. டாரின் என்ற சத்து அதன் உடம்பில் போதுமான அளவு உண்டாகாது, கறியிலிருந்துதான் வரவேண்டும். மாதக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் பார்வை மங்கும், இதயம் பலமிழக்கும். தயிர்சாதத்தில் அது போதுமான அளவு கிடையாது.

அதனால் குட்டிகளுக்கென்று விற்கிற தீவனமே வாங்கு. எடைக்கு எவ்வளவு என்று பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருக்கும். அதை நான்கு வேளையாகப் பிரித்து வை. ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை போதும். கோழிக்கறி கொடுக்க ஆசையாக இருந்தால் வெறும் தண்ணீரில் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொடு. குழம்புத் துண்டைக் கழுவிப் போட்டாலும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார். இந்த வயதில் வாரத்துக்கு 100 கிராம் போலக் கூட வேண்டும்.

மலமும் மூத்திரமும் போவதற்கான மணல் தட்டைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் போகாது, வேறு மூலை தேடும். குட்டி ஏறி இறங்குகிற மாதிரி தாழ்ந்த விளிம்புத் தட்டில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, தினமும் அள்ளி எடு. தட்டைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவு. பினாயில், டெட்டால் பக்கமே போகாதே. காலில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும், அந்த விஷத்தை முறிக்கிற சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கு விடுகிற உண்ணி மருந்தும் வேண்டாம். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

உன் குட்டி கடுவன், அதாவது ஆண் பூனை என்பதால் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். கடுவனுக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல். வளர்ந்தபின் அதில் உப்புத்துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்வதுண்டு. தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கும், கத்தும், அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும், மணல் மட்டும் நனைந்திருக்காது. பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அடைப்பு ஒருநாள் இரண்டுநாள் நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். ராத்திரியானாலும் டாக்டரிடம் ஓடு, விடியட்டும் என்று இருக்காதே. தண்ணீர் நிறையக் குடிக்கிற பூனைக்கு இந்த ஆபத்து குறைவு. வாய் அகன்ற கிண்ணத்தில், சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, தினம் இரண்டு முறை மாற்றி வை.

முதல் தடுப்பூசியை இந்த வாரமே போட்டுவிடு. பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்துப் போட வேண்டும். வெறிநோய் ஊசி பன்னிரண்டாவது வாரத்தில். குடற்புழு மருந்தை எடை பார்த்து டாக்டரே கொடுக்கட்டும். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் சண்டைக்கும் ஊர்சுற்றலுக்கும் போகாது. உன்னைப் பிறாண்டினாலோ கடித்தாலோ பதினைந்து நிமிஷம் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

மூன்றாம் மாடி ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்துவிடு. கிரில் சந்தில் குட்டி நுழைந்துவிடும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இரைத்தால் அது சாதாரணம் இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்துவிட்டு, டாக்டருக்குப் போன் பண்ணு. மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று உங்கள் புதூரில் வேட்டுச் சத்தம் ஓயாது. முந்தின நாளே உள் அறையில் மணல் தட்டு, தண்ணீர், பழைய துணி போட்ட அட்டைப்பெட்டி எல்லாம் வைத்துக் கதவைச் சாத்திவிடு.

டாக்டரிடம் போகும்போது மூடி போட்ட கூடையில் கொண்டுபோ. ஹாரன் சத்தம் கேட்டால் கையிலிருந்து குதித்துவிடும். ஊசி போட்ட அன்று கொஞ்சம் சோர்ந்து படுக்கும், மறுநாளும் சாப்பிடாவிட்டால் எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா