உன் இடது முட்டியைப் பற்றி

ஏழாம் நம்பருக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் எங்கள் கால்பந்து அணியில் ஒரு பெண்ணுக்கு முட்டி போனது. அதன் பிறகு உனக்கு என்ன எழுத ஆரம்பித்தாலும் பேச்சு அந்த முட்டியில் வந்து நின்றது. அங்கிருந்து உன் முட்டிக்குப் போய்விடும் என்று தெரிந்ததால் மூடி வைத்துவிட்டேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். சுண்டெலி போன மாதம் வந்து இரண்டு நாள் இருந்தாள். இன்னமும் யார் எதைச் சொன்னாலும் "ஆஃப்சைடு!" என்று கையைத் தூக்குகிறாள்.

இன்று எழுத வைத்தது உன் இரண்டாவது கடிதத்தின் கடைசிப் பத்தி. உன் குட்டியை அணிக்கு எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் வீடே அதிரக் கத்தினேன். அடுத்த வரியில் வயிறு கலங்கிவிட்டது. "சீசனுக்குப் பத்து வாரம் இருக்கு, அதுவரை நல்லா ஓய்வெடுக்கட்டும், அப்புறம் கோச் பிழிஞ்சு எடுத்துருவார்." அடியே, நம் மாஸ்டர் நம்மை வைத்துச் செய்ததும் அதுதானே? விடுமுறை முழுக்கப் படுத்துக் கிடப்போம். முதல் நாளே மைதானத்தைப் பதினைந்து சுற்று, இரண்டாம் நாள் படிக்கட்டு. மூன்றாம் வாரத்தில் நெட்டச்சி தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், வருடம் தவறாமல்.

இந்த வருடம் எங்கள் பெண்களுக்காக ஒரு பிசியோவை வரவழைத்தேன். புதிதாக யாருக்கும் அடி எதுவும் இல்லை, சீசன் தொடங்க எட்டு வாரம் இருந்தது. "அடிபடாத பிள்ளைங்களுக்கு எதுக்குப் பிசியோ?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். போன வருடம் வரை நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். அடிபட்ட பிறகு மின்சாரம் வைத்து, கட்டுப்போட்டு அனுப்புகிறவர்தான் பிசியோ என்று.

முதல் நாள் அவர் கேட்டது முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி மட்டும்தான். ஒவ்வொருத்தியாக அதன் மேல் ஏறி, கீழே இறங்கி, பாதம் பட்டதும் மேலே எம்பிக் குதிக்க வேண்டும். எதிரே நின்று போனில் படம் பிடித்தார். எங்கள் கோல்கீப்பர், பதினாறு வயது, கல் மாதிரி உறுதியான பெண். அவள் குதித்ததை மெதுவாக ஓட்டி, பாதம் தரையில் படுகிற இடத்தில் நிறுத்திக் காட்டினார். இரண்டு முட்டியும் உள்பக்கம் சரிந்து ஒன்றோடொன்று இடிக்கப் பார்க்கின்றன. இடது பக்கம் இன்னும் அதிகம். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, முழங்கால் மடங்கவே இல்லை. அந்தப் படத்தில் நான் பார்த்தது அவளை இல்லை. கார்னர் பந்துக்கு எம்பி, தலையால் தட்டி, இறங்கிய உன்னை.

உன் பக்கத்தில் அன்று யாரும் இல்லை. "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாருமே தொடாமல் எப்படி முட்டி போகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கெட்ட நேரம் என்று சொல்லிச் சொல்லி நாமும் அதை நம்பிவிட்டோம். முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கிற ஏ.சி.எல். என்கிற தசைநார் பெரும்பாலும் அப்படித்தான் அறுகிறதாம், யாரும் மோதாமலே. குதித்து இறங்கும்போது, அல்லது ஓடிக்கொண்டே திடீரென்று திசை திரும்பும்போது. அதுவும் கால் தரையில் பட்டு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் முடிந்துவிடுகிறது. "முட்டியை நேரா வை" என்று மூளை யோசித்துக் காலுக்குச் சொல்ல நேரமே கிடையாது. உடம்பு முன்னாலேயே பழகியிருந்தால் உண்டு. பழகுவதற்கு வாரக்கணக்கு ஆகும், அந்த வாரங்கள் கிடைப்பது சீசனுக்கு முன்னால்தான். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒரு ஆட்டத்திலிருந்து தேறி அடுத்த ஆட்டத்துக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும்.

முட்டி சரிவதற்கான காரணம் பல நேரம் முட்டியில் இருப்பதில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் புட்டத் தசையும் தொடையெலும்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவை சோர்ந்தால் தொடை உள்ளே திரும்பும், முட்டி கூடவே போகும். கோல்கீப்பரை ஒற்றைக் காலில் நிற்கவைத்து மெதுவாக உட்கார்ந்து எழச் சொன்னார். நான்காவது தடவையில் இடுப்பு ஒரு பக்கம் தொங்கியது. அவளுக்கே ஆச்சரியம். "எனக்கு வலிக்கவே இல்லையே மேடம்" என்றாள். வலி வருவதற்கு முன்னால் கண்ணில் படுகிற இடம் அது.

பெண்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, யாருக்கு அடிபடும் என்று இதை வைத்துச் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார்கள். "சொல்ல முடியாது. இது ஜோசியம் இல்லை. எல்லாரும்தான் பயிற்சி செய்யணும். யார் எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்னு மட்டும் இதுல தெரியும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவர் கொடுத்தது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஃபிஃபா 2006ல் நிபுணர்களை வைத்து உருவாக்கிய '11 பிளஸ்' என்கிற வார்ம்-அப். பதினைந்து பயிற்சி, இருபது நிமிடம். எட்டு நிமிடம் நிதானமான ஓட்டம். பத்து நிமிடம் பலம், சமநிலை, குதித்து இறங்குவது. கடைசியில் இரண்டு நிமிடம் வேகமாக ஓடித் திரும்புவது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களை வைத்து, 125 கிளப்பில், 1,892 பேரிடம் ஒரு சீசன் முழுக்கச் சோதித்து 2008ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதி. குட்டியின் வயதுப் பெண்கள்டி. இருபது நிமிடத்தில்.

நாம் அந்த இருபது நிமிடத்தை என்ன செய்தோம்? வட்டமாக உட்கார்ந்து, கால் கட்டைவிரலைத் தொட்டபடி கதையடித்தோம். அதற்கு முன் நடந்த 25 ஆய்வுகளை, இருபத்தாறாயிரம் பேருக்கு மேல், 2014ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படி இழுத்து நீட்டுவதால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. தசைக்குப் பலம் ஏற்றும் பயிற்சி செய்தவர்களுக்கோ காயம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை அவர் மனசாரச் செய்தார்.

நெட்டச்சிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 'நார்டிக்' என்று ஒரு பயிற்சி. முட்டி போட்டு நிமிர்ந்திருக்க வேண்டும், பின்னால் ஒருத்தி கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். முட்டியிலிருந்து தலைவரை ஒரே பலகை மாதிரி வைத்துக்கொண்டு முன்பக்கம் சாய வேண்டும், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. பாதி வழியில் தொடையின் பின்தசை நடுங்க ஆரம்பிக்கும், ஒரு இடத்தில் கைவிட்டுவிடும், இரண்டு கையாலும் தரையைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வேகமாக ஓடும்போது காலை முன்னால் வீசுகிற கட்டத்தில் அந்தத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, பெரும்பாலும் கிழிவது அப்போதுதான். நீளும்போதே பலமாக இருக்க இது பழக்குகிறது. டென்மார்க்கில் ஆண்கள் அணிகளில் 942 பேரை வைத்துச் செய்து 2011ல் வெளியிட்டார்கள். பத்து வாரம் இதைச் செய்த பாதிப் பேரிடம் அந்தத் தசையில் 15 காயம், செய்யாத பாதிப் பேரிடம் 52. நெட்டச்சிக்கு அந்தத் தசை மூன்று முறை கிழிந்தது, நான்காவதற்கு அவள் காத்திருக்கவில்லை, ஆட்டத்தையே விட்டுவிட்டாள். அவளை விட வேகமான விங்கரை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

முதல் வாரம் ஒரே ஒரு நாள், இரண்டு செட், ஐந்து ஐந்து தடவை. அதற்கே எங்கள் பிள்ளைகள் மறுநாள் படியிறங்க முடியாமல் நடந்தார்கள். ஆட்ட வாரத்தில் இதை ஆரம்பித்தால் என்ன ஆகும், நீயே யோசி. அதனால்தான் பத்து வாரத்தை ஓய்வில் கழிக்காதே என்கிறேன். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், தசையும் பரவாயில்லை. தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணும் எலும்பும்தான் நிதானமாகப் பலமேறும். சும்மா இருந்த உடம்பின் மேல் திடீரென்று பாரம் ஏறினால் முதலில் முறைப்பது அவைதான். ஒரு வாரம் முழு ஓய்வு எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தை ஏற்றச் சொல். இரவில் எட்டு மணி நேரத் தூக்கத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது, பரீட்சையே வந்தாலும்.

இனி, எட்டு மாதமாக எழுத முடியாமல் இருந்ததை எழுதுகிறேன்.

முட்டி போன எங்கள் பெண்ணுக்கு அறுவை முடிந்து ஏழு மாதம். போன வாரம் ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, "முதல் மேட்ச் ஆடுறேன் மேடம், வலியே இல்லை" என்றாள். பிசியோ அவளை ஒற்றைக் காலில் தாவச் சொல்லி டேப் வைத்து அளந்தார். நல்ல காலோடு பார்த்தால் அடிபட்ட காலில் 82 சதவீதம்தான் வந்தது. குறைந்தது தொண்ணூறு வரவேண்டும், தொடைப் பலமும் அதே அளவுக்கு வரவேண்டும், எப்படியும் ஒன்பது மாதம் ஆகாமல் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2016ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறதாம். அவள் அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் கண் அவள் காலில் இல்லை.

நீ ஐந்தாம் மாதம் திரும்பி வந்தாய். அரையிறுதி. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் காலை நீட்டி, "இறுக்கிச் சுத்து, தாங்கும்" என்றாய். சுற்றியது நான். மூன்று சுருள் டேப். உனக்கு இறங்கப் பயமாக இருந்தது எனக்குத் தெரியும், உன் உதடு வறண்டிருந்தது. நீ இல்லாமல் தோற்றுவிடுவோம் என்று எனக்கும் பயம். "ஒண்ணும் ஆகாது, வா" என்று சொன்னேன். பத்தொன்பதாவது நிமிடம். அதற்கப்புறம் நீ ஆடவே இல்லை. இத்தனை வருடமாக அதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்திருந்தபோது, என் கையில் டேப் ஒட்டியிருப்பது மாதிரியே இருந்தது. மன்னித்துவிடு.

குட்டி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் கணுக்கால் சுளுக்கி ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். வீக்கம் வற்றியதைச் சொல்கிறாய். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவதற்குத்தான் வழி தேடும். சுவரைப் பார்த்து நிற்கச் சொல், குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடட்டும், எவ்வளவு தூரம் பாதத்தைப் பின்னால் நகர்த்தியும் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பார். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொல், எது முதலில் தடுமாறுகிறது என்று பார். அந்த அளவோடு ஒரு விளையாட்டுப் பிசியோவிடம் இந்த வாரமே அழைத்துப் போ. வலி இல்லையே, எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

நார்டிக்குக் கணுக்காலைப் பிடிக்க ஆள் வேண்டும். நீ பிடி. உன் முட்டிக்குக் கீழே தலையணை போட்டு உட்கார்ந்துகொள்.

ஸ்டூலிலிருந்து அவள் குதித்து இறங்குவதை நேர் எதிரே நின்று போனில் எடுத்து அனுப்பு, இடுப்பிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும். மூன்று தடவை குதிக்கச் சொல். வந்ததும் பிசியோவிடம் காட்டிவிட்டு அன்றைக்கே பதில் எழுதுகிறேன், இந்தத் தடவை எட்டு மாதம் ஆகாது.

உன்,
நாலாம் நம்பர்