பாதுகாப்பு அறைக்குள் ஒரு மெத்தை

ஜூரோங் வெஸ்ட்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் கதிருக்குத் தெக்கோங் தீவில் தேசிய சேவை இராணுவப் பயிற்சி முடிய இன்னும் ஒரு வாரம்தான் என்பது நல்ல சேதி. ஆனால் அதற்கு அடுத்த வரிதான் மனத்தைவிட்டுப் போகவில்லை. உன் மாமனார் ஒன்றரை மாதமாக வீட்டின் பாதுகாப்பு அறைக்குள், அந்தக் குண்டு தாங்கும் இரும்புக் கதவு அறைக்குள், மெத்தையைப் போட்டுத்தான் படுக்கிறார் என்று எழுதியிருந்தாய். மீனா அதை வயதான காலத்துப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கணக்குப் போட்டுப் பார். கதிர் முதல் தடவை சீருடையோடு வீட்டுக்கு வந்ததும் ஒன்றரை மாதத்துக்கு முன்புதான். அந்தப் பச்சைச் சட்டை கம்பில் காய்கிறது, வாசலில் பூட்ஸ் கிடக்கிறது. உங்கள் புளோக்குக்கு மேலே பாய லேபார் தளத்துப் போர் விமானங்கள் போகின்றன. 1987இல் யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர் உன் மாமனார். திரும்பி வந்தபின் வங்கிக் காவலாளியாக முப்பது வருடம். வேலை இருந்தவரை எல்லாம் அமுங்கிக் கிடந்திருக்கும். வேலையும் ஊரும் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போகும்போது பழையது மேலே வருவது முன்னாள் படைவீரர்களிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று. வியட்நாமில் போரிட்ட அமெரிக்க ஆண் வீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது பிடிஎஸ்டி, அதாவது கொடூர அனுபவத்துக்குப் பின் வரும் மனநோய், இருந்தது தெரியவந்தது. அதனால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மீனாவிடம் சொல்.

பிடிஎஸ்டிதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் நான்கு விஷயங்களைப் பார்ப்பார். பழைய காட்சி கனவாகவோ விழித்திருக்கும்போதோ திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, மனம் மரத்துப்போவது அல்லது தன்னையே பழிப்பது, எந்நேரமும் உஷாராக இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயர். குறட்டையும் மூச்சுத்திணறலும் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்றும் பார்க்கச் சொல். பிடிஎஸ்டியும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் ஒருவருக்கே இருப்பது சாதாரணம்.

நான்கில் நீ கவனிக்க வேண்டியது அந்த ஒதுக்கம். இந்த நோய்க்குச் சோறு போடுவது அதுதான், அதைப் பரிமாறுவது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள், அதுவும் பாசத்தால். கதிரின் உடையை ஒளித்துவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இன்று உடை, நாளைக்குத் தொலைக்காட்சி, அடுத்து தேக்காவுக்குப் போவது என்று அவருடைய உலகம் சுருங்கிக்கொண்டே வரும். ஒளிக்காதே, முன்கூட்டிச் சொல். தேசிய தின ஒத்திகை தொடங்கப்போகிறது, விமானம் பறக்கிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டு. செப்டம்பர் 15 அன்று தீவு முழுக்க எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும், அதையும் முந்தின நாளே சொல்லிவிடு.

மெத்தையையும் பிடித்து இழுத்து வெளியே போடாதே. அதற்கு ஒரு முறை இருக்கிறது, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் செய்வது. ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு பதற்றம் என்று 0 முதல் 100 வரை அவரே மதிப்பெண் போடுவார். அந்த இரும்புக் கதவைத் திறந்துவைத்துப் படுப்பது 40 என்றால் அங்கே தொடக்கம். பிறகு மெத்தை பாதி வெளியே, அப்புறம் ஹால், கடைசியில் அறை. ஒரு படியில் பதற்றம் பாதியாகக் குறையும்வரை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம், அங்கேயே இருக்க வேண்டும். மறுநாளும் அதே படி. உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். பலருக்கு இது கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

இரவில் அலறினால் தொட்டு எழுப்பாதே, எதிரி என்று நினைத்துக் கை ஓங்கிவிடுவார். கையெட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போட்டு, இயல்பான குரலில், "மாமா, நான் செல்வா. இது செங்காங். மணி ரெண்டு" என்று சொல். அந்த அறைக்கு ஒரே வாசல், அதை மறித்து நிற்காதே. எழுந்ததும் காலைத் தரையில் ஊன்றச் சொல், குளிர்ந்த தண்ணீர் கொடு. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல். என்ன கனவு என்று அந்த நேரத்தில் கேட்காதே.

ராத்திரி ரெண்டு பெக் போட்டால் தூங்குகிறார் என்றாய். முதல் பாதி இரவு தூங்குவார், பின்பாதியில் மது இறங்கும்போது கனவு இன்னும் மூர்க்கமாக வரும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதே. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கச் செய்யுங்கள். ஊரிலிருந்து அல்பிரஸோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை கொண்டுவந்திருக்கிறாரா என்றும் பார். பிடிஎஸ்டிக்கு அந்த வகை மாத்திரை பரிந்துரைக்கப்படுவதில்லை, அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைத்தான் கொடுப்பார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரங்களில் குமட்டலும் படபடப்பும் வரலாம், அதைப் பார்த்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரையைவிடப் பேச்சு சிகிச்சைக்குத்தான் முதல் இடம். அதில் ஒரு வகைச் சிகிச்சைக்கு மொத்தம் 12 அமர்வு. ஒருவர் மனத்தில் சிக்கிக்கொண்ட வாக்கியத்தை எடுத்துப் பரிசோதிப்பார்கள். "நான் அன்னைக்கு முன்னாடி போயிருந்தா அவன் செத்திருக்க மாட்டான்" என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிடம் அவருக்கு என்ன தெரியும், பிறகு தெரியவந்தது எது என்று எழுதிப் பிரிப்பார்கள். உன் மாமனாருக்குப் பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி கூடுதலாக இருக்கலாம். தமிழ் பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு நின்ற தமிழர் அவர். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் ஒன்றும் வெளியே வராது. தமிழ் பேசும் சிகிச்சையாளர் வேண்டும் என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேள். மீனாவை மொழிபெயர்க்க உட்காரவைக்காதே. மகள் காதில் விழக்கூடாது என்றே பாதியை விழுங்கிவிடுவார்.

செலவு விஷயம். அவர் நீண்டகால வருகை அனுமதியில் இருப்பதால் பலதுறை மருந்தகம் வழியாகப் போனாலும் மானியம் கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சிகிச்சையைப் பாதியில் விட்டால் முழுப் பலன் கிடைக்காது. அதனால் மூன்று மாதமாவது இங்கே இருப்பாரா என்று முதலில் முடிவு செய். இல்லையென்றால் இங்கே மதிப்பீடு மட்டும் செய்து அறிக்கையை வாங்கிக்கொள். ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் காட்டி, பொதுவாக அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கியபிறகே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிதம் இல்லாமல் நேரே போனால் பணம் திரும்ப வராமல் போகலாம். இசிஎச்எஸ் அட்டை, டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை மூன்றும் எங்கே இருக்கிறது என்று இப்போதே அத்தையிடம் கேட்டு வை. ஊரில் இருக்கும்போது பேச இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. "மாமா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதே, மாத்திரைகளை எடுத்துப் பூட்டிவிட்டு மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணைக் கூப்பிடு, எந்நேரமும் எடுப்பார்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767உம் அப்படித்தான். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

மருத்துவரிடம் போகும் முன் ஏழு நாள் குறிப்பு எழுதிவை. எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை எழுந்தார், எவ்வளவு குடித்தார், அன்று என்ன சத்தம் கேட்டது. அவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது, பட்டாளத்தில் பதிவேடு எழுதிப் பழகிய கை அது. எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. புதன்கிழமை இரவு கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
இளங்கோ