ஒரு பரப்புக் காணி

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு பிரஷர் இப்ப பரவாயில்லை. போன ஞாயிறு நீ, "முழங்காலையும் வச்சுக்கொண்டு அந்த அலொட்மென்ட் என்னத்துக்கு அப்பா, திருப்பிக் குடுங்கோவன்" எண்டு கேட்டாய். நான் கதையை மாத்திப்போட்டன். போனில சொன்னால் நீ இடையில பூந்து கதைப்பாய். அதுதான் எழுதுறன்.

கவுன்சில் வாடகைக்குத் தந்த அந்தத் தோட்டத் துண்டில சின்னனில நீயும் வாளி தூக்கினனி. ஆனா அதின்ர அளவை நான் உனக்குச் சொன்னதில்லை. லண்டனில ஒரு முழுத் துண்டு எண்டால் 10 றொட். அவையின்ர றொட்டும் எங்கட பேர்ச்சும் ஒண்டுதான். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆறு வருசம் காத்திருந்து வந்த கடிதத்தில '10 றொட்' எண்டு கண்ட அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை. ஊரில விட்டிட்டு வந்த தோட்டமும் சரியா ஒரு பரப்பு.

அந்தப் பரப்பில ஒரு முழ நிலத்துக்காகத்தான் உன்ர அப்பப்பா தன்ர தம்பியோட பதினொரு வருசம் கோட்டுக்கு அலைஞ்சவர். வேலி அடைக்கிற நேரமெல்லாம் ஆரோ ஒருத்தற்ற கிளுவங்கதியால் ஒரு சாண் தள்ளி நிக்கும். கடைசியில செத்தவீட்டுக்கும் போக்குவரத்தில்லை. இஞ்ச வேலி போடவே விடமாட்டினம். நடுவில ஒரு புல்லுப் பாதை, அவ்வளவுதான்.

அதுக்காகச் சண்டை இல்லையெண்டு நினைக்காத. கோழியும் முயலும் வளக்கலாம் எண்டு 1950ஆம் ஆண்டுச் சட்டம் விட்டிருக்கு, சேவல் மட்டும் கூடாது. பேடெண்டு வாங்கின குஞ்சொண்டு வளந்து விடியக் காலமை கூவ, அதுக்கு ஒரு கூட்டமே வச்சவை! எல்லாருக்கும் பொதுவான தண்ணித் தொட்டியில ஹோஸ் போட்டவரோட ஒரு கோடை முழுக்க ஒருத்தரும் கதைக்கேல்லை. அதில நானும் ஒராள்.

பக்கத்துத் துண்டு ஜமெய்க்கா அன்ரியை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் என்ர பாத்தியில நிண்டு, "உன்ர கலலூ நல்லா வந்திருக்கு" எண்டா. எனக்கு விளங்கேல்லை. பாத்தால் எங்கட கீரை! அவ அதைக் கருவாட்டுமீனோட வதக்குறா, அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் கடையிறா. எங்கட விதை இஞ்சத்தைக் குளிருக்கு முளைக்க யோசிக்கும். அவ தந்த விதை மே கடைசியில போட்டாலும் ஒரு கிழமையில வந்திடும். இப்ப அம்மா அதைத்தான் கேக்கிறா.

முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சு நான் படுத்திருக்கேக்க, துண்டு பயிர் செய்யாமல் கிடக்குதெண்டு கந்தோரால எச்சரிக்கைக் கடிதம் வந்தது உனக்குத் தெரியாது. நீ பயப்படுவாய் எண்டு அம்மா மறைச்சவ. கடிதத்துக்கு மறுமொழி எழுதினது அன்ரி. கொத்தினது மற்றப்பக்கத்து வெள்ளைக்காரக் கிழவர். எண்பது வயசு, ரெண்டு சனிக்கிழமை. கொத்தினதோட விட்டிருக்கலாம். நான் வெங்காயத்துக்கெண்டு விட்ட இடம் முழுக்க றனர் பீன்ஸ் நட்டிட்டார். அது பயித்தங்காயும் இல்லை, அவரையும் இல்லை. நாருரிச்சு நாருரிச்சு அம்மாவுக்கு விரல் நோ. அந்த மனுசனிட்ட என்னெண்டு சொல்லுறது? மூண்டு மாசமாத் திண்டுகொண்டிருக்கிறம்.

சரி, விசயத்துக்கு வாறன். முழுக்க விடமாட்டன். பாதியை, 5 றொட்டை, திருப்பிக் குடுத்திட்டன். காத்திருப்புப் பட்டியலில இருந்து கைக்குழந்தையோட ஒரு சோடி வந்திருக்கினம். மண்வெட்டி பிடிக்கவும் தெரியாத பிள்ளையள். றூபாப் நிக்கிற பக்கத்தை அவைக்கு விட்டன். எங்கட வீட்டில அதை ஆர் தின்னுறது?

நேற்றுத்தான் நான் நாலு முளை அடிச்சு நூல் பிடிச்சனான். என்ன கையோ தெரியேல்லை, ஒரு முளை அவையின்ர பக்கம் ஒரு சாண் போய் நிண்டுது. அந்தப் பிள்ளை பாத்தவள், ஒண்டும் சொல்லேல்லை, சிரிச்சாள். இரவு சோறு இறங்கேல்லை. இண்டைக்கு விடிய, ஆக்கள் வாறதுக்கு முந்திப் போய் அதைப் பிடுங்கிச் சரியான இடத்தில அடிச்சிட்டு வந்துதான் இதை எழுதுறன்.

அம்மாவிட்ட இதைச் சொல்லாத.

அன்புடன்,
அப்பா